நூலக வைஃபை புங்கமரத்தடி வரை, பேருந்து நிறுத்தம் வரை: குறைந்த செலவில் எப்படி?

கேள்வி இதுதான். ஊராட்சி நூலகத்தில் 100 எம்பிபிஎஸ் ஃபைபர் இணைப்பு இருக்கிறது. ரூட்டர் உள்ளே, நூலகர் மேசை மேல். அறைக்குள் நன்றாக வருகிறது. வாசலிலிருந்து 40 மீட்டரில் புங்கமரத்தடி மேடை. மாலையில் மாணவர்கள் அங்கேதான் உட்காருகிறார்கள். அங்கே சிக்னல் காட்டுகிறது, ஆனால் பக்கம் திறப்பதில்லை. 180 மீட்டரில் பேருந்து நிறுத்தமும் டீக்கடையும். அங்கே ஒன்றுமே வருவதில்லை. கையில் 15,000 ரூபாய். கடைக்காரர் நான்கு ஆன்டெனா வைத்த 'ஹை பவர்' ரூட்டர் வாங்கச் சொல்கிறார். வாங்கலாமா?

வாங்காதீர்கள். காரணம் உங்கள் கேள்விக்குள்ளேயே இருக்கிறது. மரத்தடியில் சிக்னல் காட்டுகிறது, பக்கம் திறப்பதில்லை என்கிறீர்களே, அதற்கு என்ன பொருள்? ரூட்டர் பேசுவது போனுக்குக் கேட்கிறது. போன் பேசுவது ரூட்டருக்குக் கேட்கவில்லை. வைஃபை என்பது ரேடியோப் பெட்டிபோல ஒருவழிச் சமாசாரம் இல்லை. ரூட்டர் அனுப்பும் ஒவ்வொரு துண்டுக்கும் 'வந்து சேர்ந்தது' என்று போன் பதில் சொல்ல வேண்டும். பதில் வராவிட்டால் ரூட்டர் அதையே மறுபடி மறுபடி அனுப்பும், வேகம் குறைத்து அனுப்பும், கடைசியில் கைவிட்டுவிடும். திருவிழாவில் ஒலிபெருக்கியில் அறிவிப்பவர் குரல் ஊர்க்கோடி வரை கேட்கும். ஊர்க்கோடியில் நிற்பவர் பதில் சொன்னால் மேடையில் இருப்பவருக்குக் கேட்குமா?

கணக்காகவே பார்த்துவிடலாம். ஒரு ஹை பவர் ரூட்டர் 500 மில்லிவாட் அனுப்புகிறது என்று வைத்துக்கொள்வோம். கையில் இருக்கும் போன் 25 மில்லிவாட் அளவில்தான் அனுப்பும். பேட்டரியும் சூடும் அதற்கு மேல் விடாது. இருபது மடங்கு வித்தியாசம். வெட்டவெளியில் தூரம் இரட்டிப்பானால் வந்து சேரும் சக்தி நான்கில் ஒன்றாகிவிடும். இருபது மடங்கு சக்தி என்பது தூரத்தில் நாலரை மடங்குதான். ரூட்டரின் குரல் 180 மீட்டர் போகிறது என்றால், கேட்கும் திறன் இரண்டு பக்கமும் ஒன்றே என்று வைத்தாலும், போனின் குரல் 40 மீட்டரோடு நின்றுவிடும். பவர் ரூட்டர் வாங்கி வைத்தால் டீக்கடையில் இருப்பவர் போனிலும் மூன்று கோடு சிக்னல் வரும். இணையம் வராது. இன்று மரத்தடியில் இருக்கும் ஏமாற்றத்தைப் பேருந்து நிறுத்தம் வரை நீட்டித்ததுதான் மிச்சம்.

சக்தியைக் கூட்டுவதற்கும் நல்ல ஆன்டெனா வைப்பதற்கும் உள்ள வித்தியாசத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஆன்டெனா வாயும் காதும் இரண்டும். ஒரு திசையில் குவித்து அனுப்பும் ஆன்டெனா அதே திசையிலிருந்து வரும் மெல்லிய குரலையும் அதே அளவுக்குக் கூடுதலாகக் கேட்கும். அதனால் ஆன்டெனாவில் போடும் காசு இருவழியிலும் பயன்படும். சக்தியில் போடும் காசு ஒருவழியில் மட்டும்.

அடுத்து, கடையில் இரண்டாவதாகக் காட்டுவார்களே, சுவரில் சொருகும் 'ரேஞ்ச் எக்ஸ்டெண்டர்', அது. ஒற்றை ரேடியோ வைத்த எக்ஸ்டெண்டர் ஒவ்வொரு துண்டையும் ஒருமுறை கேட்டு, அதே சேனலில், அதாவது அதே அலைவரிசையில், மறுமுறை சொல்ல வேண்டும். ஆகவே வேகம் ஏறத்தாழ பாதியாகிவிடும். அதை எங்கே வைப்பீர்கள்? சிக்னல் மங்கும் இடத்தில்தான். மங்கலான சிக்னலை வாங்கி மங்கலாகவே திருப்பித் தரும். வீட்டில் மாடியறைக்கு ஒருவர் பயன்படுத்தத் தேறும். இருபது மாணவர்கள் உட்காரும் இடத்துக்குத் தேறாது.

நான் சொல்லும் வழி ஒன்றுதான், மற்றதெல்லாம் அதன் கிளைகள். இணையத்தைக் கம்பியிலோ, குவித்த ரேடியோவிலோ ஆட்கள் உட்காரும் இடத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய், அங்கே ஒரு சின்னப் பெட்டியை வையுங்கள். அந்தப் பெட்டி மெதுவாகப் பேசினால் போதும்.

மரத்தடியிலிருந்து தொடங்கலாம். இதற்கு அதிகச் செலவில்லை. காசு செலவழிக்கும் முன் அரை மணி நேரம் ஒதுக்குங்கள். போனில் ஏதாவதொரு வைஃபை அனலைசர் செயலியை இறக்கிக்கொள்ளுங்கள். கோடுகளைப் பார்க்காதீர்கள், எண்ணைப் பாருங்கள். சிக்னலின் பலத்தை டிபிஎம் என்ற அளவில் மைனஸ் எண்ணாகக் காட்டும்; மைனஸுக்குப் பின்னால் உள்ள எண் கூடக் கூடச் சிக்னல் மங்கல். மைனஸ் 60 என்றால் நல்லது, மைனஸ் 67 வரை பழுதில்லை, மைனஸ் 75 தாண்டினால் திணறும், 80 தாண்டினால் காட்சிக்கு மட்டும்தான். மேசையிலிருந்து மரத்தடி வரை நடந்துகொண்டே எண்ணைக் குறியுங்கள்.

இப்படி ஒரு நூலகத்தில் நான் நடந்த நடை இன்னும் நினைவிருக்கிறது. மேசைக்குப் பக்கத்தில் மைனஸ் 38. அறையின் மறுகோடியில் 49. வாசல்படியைத் தாண்டி இரண்டு எட்டு வைத்ததும் 66. இரண்டே எட்டில் பதினேழு போய்விட்டது. திரும்பிப் பார்த்தேன். ரூட்டருக்கும் வாசலுக்கும் நடுவே ஒன்பது அங்குலச் செங்கல் சுவர், சுவரை ஒட்டிப் பழைய தினசரிகள் அடுக்கிய இரும்பு பீரோ. அந்த ஊரில் இருந்த பிரச்சினை தூரமே இல்லை, பீரோதான். ரூட்டரைக் கையில் எடுத்து, சார்ஜர் ஒயரோடு ஜன்னல் கம்பிக்கு வெளியே ஒருவர் பிடித்துக்கொண்டு நின்றார். நான் மரத்தடிக்குப் போனேன். மைனஸ் 58. ஒரு பைசா செலவில்லாமல் விடை தெரிந்துவிட்டது.

நீங்களும் அதையே செய்யுங்கள். அறைக்குள் இருக்கும் ரூட்டர் அங்கேயே இருக்கட்டும். அதிலிருந்து ஒரு கேட்-6 நெட்வொர்க் கம்பியை வெளிச்சுவருக்கு இழுத்து, சன்ஷேடுக்குக் கீழே, மூன்று மூன்றரை மீட்டர் உயரத்தில், மரத்தைப் பார்த்தபடி ஒரு வெளிப்புற அக்சஸ் பாயின்ட் மாட்டுங்கள். கம்பியில் வரும் இணையத்தை வைஃபையாகப் பரப்பும் பெட்டி அது. மழை, தூசு தாங்கும் ஐபி65 தரத்தில் டிபி-லிங்க் ஈஏபி வரிசையில் வெளிப்புற மாதிரிகள் இருக்கின்றன. யூபிக்விட்டி, மைக்ரோடிக் நிறுவனங்களும் செய்கின்றன. மின்சாரமும் அதே கம்பியிலேயே போய்விடும், அதற்கு பிஓஇ என்று பெயர். வெளியே பிளக் பாயின்ட் போட வேண்டியதில்லை.

அதற்கும் காசில்லை என்றால், யார் வீட்டிலாவது தூங்கும் பழைய ரூட்டரைக் கேட்டு வாங்குங்கள். செட்டிங்கில் அக்சஸ் பாயின்ட் மோடு இருந்தால் அதைத் தட்டுங்கள். இல்லாவிட்டால் டிஹெச்சிபியை (போன்களுக்கு முகவரி கொடுக்கும் வேலை, அதை உள்ளே இருக்கும் ரூட்டர் பார்த்துக்கொள்ளும்) அணைத்து, கம்பியை WAN என்று எழுதிய துளையில் சொருகாமல் LAN என்று எழுதிய துளையில் சொருகினால் அதுவும் அக்சஸ் பாயின்ட்தான். மின்கடையில் கிடைக்கும் வெள்ளை பிளாஸ்டிக் ஜங்ஷன் பெட்டிக்குள் வைத்து நிழலில் மாட்டுங்கள். இரும்புப் பெட்டி கூடாது, சிக்னலைப் பூட்டிவிடும். காற்றுக்குத் துளை போட்டால் அடிப்பக்கம் மட்டும் போட்டு, கொசுவலைத் துண்டு ஒட்டுங்கள். சித்திரை வெயில் நேராக விழும் சுவர் என்றால் இந்த வழியே வேண்டாம். வீட்டு ரூட்டர் அந்தச் சூட்டைத் தாங்காது.

குச்சி ஆன்டெனா இருந்தால் நேர்நிமிர்த்தி வையுங்கள். மெதுவடையின் ஓட்டையில் ஒரு குச்சியைச் சொருகினால் எப்படி இருக்கும்? குச்சிதான் ஆன்டெனா, வடைதான் சிக்னல். பக்கவாட்டில் நன்றாகப் பரவும், நேர் மேலேயும் நேர் கீழேயும் ஓட்டை. 'பன்னிரண்டு டிபிஐ ஆன்டெனா' என்று விற்பார்களே (எவ்வளவு குவிக்கிறது என்பதன் அளவுதான் டிபிஐ), அது மாவைக் கூட்டிப் பெரிய வடை சுடுவதில்லை. அதே மாவை அப்பளமாகத் தட்டுகிறது. தூரம் போகும், ஆனால் மெல்லிசு.

இதனால்தான், ஊரில் எல்லாரும் முதலில் சொல்லும் யோசனைக்கு நான் தலையாட்டுவதில்லை. "மேல்நிலைத் தொட்டி மேலே ஏற்றிவிட்டால் ஊர் முழுக்க வருமே" என்பார்கள். அங்கே அப்பள ஆன்டெனாவை வைத்தால் சிக்னல் தொட்டியடியில் நிற்பவர் தலைக்கு மேலே பறந்துபோகும். அந்த உயரத்திலிருந்து சுற்றுப்பட்டு வீடுகளின் வைஃபை எல்லாம் அந்தப் பெட்டியின் காதில் விழும்; அந்த இரைச்சலில் மரத்தடிப் போனின் மெல்லிய குரல் அமுங்கிப்போகும். இடி விழுந்தால் முதல் இலக்கும் அதுதான். பழுது பார்க்க ஏறுகிறவர் உயிரும் கணக்கில் வர வேண்டும். தொட்டியை விட்டுவிடுங்கள்.

இனி பேருந்து நிறுத்தம். 180 மீட்டர். கேட்-6 கம்பி 100 மீட்டருக்கு மேல் போகாது. அதற்கான தரநிர்ணயமே அவ்வளவுதான். ஆகவே இரண்டு வழிகள்.

முதல் வழியைப் பலர் யோசிப்பதே இல்லை: ஃபைபர். உங்கள் ஊர் கேபிள்காரரிடம் பேசுங்கள். வீடுகளுக்கு இழுக்கும் மெல்லிய கறுப்பு டிராப் கேபிள் அவரிடம் சுருள் சுருளாக இருக்கும், ஒட்டும் எந்திரமும் இருக்கும். நூலகத்திலிருந்து டீக்கடை வரை வழியில் கம்பங்களும் அனுமதியும் இருந்தால், இழுத்து, இரு முனையிலும் ஒரு மீடியா கன்வர்ட்டர் (ஃபைபரையும் சாதாரண நெட்வொர்க் கம்பியையும் இணைக்கும் சின்னப் பெட்டி) வைத்தால் வேலை முடிந்தது. கேபிள், இரண்டு கன்வர்ட்டர், ஒட்டுக்கூலி எல்லாம் சேர்த்து மூன்று நான்காயிரத்துக்குள் முடிக்கப் பார்க்கலாம். மழை, மரம், சேனல் நெரிசல் எதுவும் பாதிக்காது. எனக்கு இதில் மிகப் பிடித்தது இன்னொன்று. கண்ணாடி இழை மின்சாரம் கடத்தாது. ஒரு முனையில் இடி விழுந்தால் மறுமுனைக்கு அது கம்பி வழியே வராது. டிராப் கேபிளின் பக்கவாட்டில் தாங்குவதற்காக ஓடும் இரும்புக் கம்பியை மட்டும் இரு முனையிலும் பெட்டிக்கு வெளியிலேயே வெட்டி நிறுத்தச் சொல்லுங்கள். மின்வாரியக் கம்பத்தில் கட்டுவதற்கு அனுமதி வேண்டும். கேபிள்காரர் ஏற்கெனவே போகும் பாதையில் சேர்ந்து போவதுதான் சுலபம்.

இரண்டாவது வழி, நடுவில் சாலையோ வாய்க்காலோ அடுத்தவர் தோட்டமோ இருந்து கம்பி இழுக்க முடியாவிட்டால்: ஒரு ஜோடி திசை ரேடியோ. கடையில் சிபிஇ என்று கேட்டால் தருவார்கள். டிபி-லிங்க் சிபிஇ510 போன்றது 5 ஜிகாஹெர்ட்ஸில் 13 டிபிஐ ஆன்டெனாவைத் தன் முதுகிலேயே வைத்திருக்கும். நூலகத்து மேல்மாடியில் ஒன்று, டீக்கடைக் கூரைக்குழாயில் ஒன்று, இரண்டும் முகத்துக்கு முகம். இரண்டு பக்கமும் பெரிய காது என்பதால் கத்தவே வேண்டாம். கணக்குப் போட்டுப் பார்த்தால், வெட்டவெளி 180 மீட்டருக்கு வெறும் 10 மில்லிவாட் அனுப்பினாலே எதிர்முனையில் மைனஸ் 57 வரும். பெட்டியில் சக்தியை முழுதாக வைத்துவிட்டு அக்கம்பக்கத்தாரின் வைஃபையைக் கெடுக்காதீர்கள், குறைத்து வையுங்கள்.

ஆனால் கண்ணுக்குத் தெரிந்தால் போதும் என்று நினைக்கக் கூடாது. ரேடியோ அலை நூல் பிடித்ததுபோலப் போவதில்லை. நடுவில் பருத்து, சுரைக்காய் போல ஓர் இடம் கேட்கும். 180 மீட்டர் தூரத்துக்கு நடுப்பகுதியில் அந்தப் பருமன் நேர்கோட்டிலிருந்து எல்லாப் பக்கமும் ஒன்றரை மீட்டர். நடுவில் சாலை என்றால், பாரம் ஏற்றிய லாரி நான்கு மீட்டர் வரை நிற்கும் என்பதால், இரு முனையும் ஐந்தரை மீட்டருக்கு மேலே இருக்கட்டும். தென்னை ஓலை நடுவில் அசைந்தால் இன்று வரும், காற்றடித்தால் போகும், மழையில் நனைந்த இலை இன்னும் மோசம். வேண்டுமானால் குழாயை மூன்று அடி நகர்த்துங்கள். ஓலையை வெட்டினால் ஆறு மாதத்தில் வேறு ஓலை அங்கே வந்து நிற்கும்.

இது பரிசோதனை முயற்சியோ என்று ஊராட்சியில் யாராவது தயங்கினால் தேனியைச் சொல்லுங்கள். 2005-06 வாக்கில் தேனி அரவிந்த் கண் மருத்துவமனையும் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்களும் சேர்ந்து, சாதாரண வைஃபை அட்டைகளையும் திசை ஆன்டெனாக்களையும் வைத்தே மருத்துவமனையைக் கிராமத்துக் கண் பரிசோதனை மையங்களோடு இணைத்தார்கள். கிராமத்தில் இருக்கும் நோயாளியைத் தேனியில் இருக்கும் மருத்துவர் வீடியோவில் பார்த்துப் பேசினார். அவ்வளவு நீண்ட தூரத்தில் வைஃபையின் 'வந்து சேர்ந்தது' என்கிற பதில் நேரத்துக்கு வந்து சேராது. அதற்காக மென்பொருளையே மாற்றி எழுதினார்கள். 2007-இல் வெனிசுவேலாவில் எர்மானோ பியெத்ரோசெமோலி என்ற பேராசிரியரின் குழு இரு மலைகளுக்கு நடுவே 382 கிலோமீட்டர் வைஃபை இணைப்பைப் போட்டுக் காட்டியது. அங்கெல்லாம் இரண்டு முனையிலும் பெரிய ஆன்டெனா இருந்தது. ஒரு முனையில் போன் இருந்தால் அந்தக் கணக்கு எடுபடாது.

தேனி அனுபவத்திலிருந்து நான் எடுத்துக்கொண்ட பெரிய பாடம் ரேடியோவைப் பற்றியதே இல்லை. அந்த ஆய்வாளர்கள் பின்னால் எழுதியபடி, அவர்களுக்கு வந்த பழுதுகளில் பெரும்பகுதி மின்சாரத்தின் தரக்குறைவால் வந்தது: வோல்டேஜ் எகிறுவது, தாழ்வது, திடீரென்று அறுந்து பாதியில் எழுதிக்கொண்டிருந்த நினைவகம் கெடுவது. ஊர்ப்புறத்தில் இந்த வேலை செய்த யாரும் இதற்குத் தலையாட்டுவார்கள். ஆகவே 15,000-இல் இரண்டாயிரத்தை ரூட்டருக்கான சின்ன 12 வோல்ட் யுபிஎஸ்ஸுக்கு எடுத்து வையுங்கள். இதைத் தள்ளிப்போட்டால், முதல் கோடையிலேயே ஒரு பெட்டி போய், 'அந்த வைஃபையா, அது எப்போதோ போச்சே' என்று ஊர் பேச ஆரம்பித்துவிடும். ஒருமுறை அந்தப் பெயர் வந்துவிட்டால் மாணவர்களைத் திரும்ப வரவைப்பது கஷ்டம்.

டீக்கடை முனைக்கு மின்சாரம் எங்கிருந்து? கடைக்காரரிடமிருந்துதான். பத்து வாட் பெட்டி மாதம் முழுக்க இரவு பகல் ஓடினாலும் ஏழு யூனிட் சொச்சம்தான். இதைத் தாளில் எழுதிக் காட்டி, அதற்கான தொகையை ஊராட்சியோ நூலக வாசகர் வட்டமோ கொடுத்துவிடும் என்று பேசி முடியுங்கள். வைஃபை இருந்தால் கடையில் ஆள் கூடும் என்பது அவருக்கே தெரியும். சோலாரைப் பலர் சொல்வார்கள். அதே பத்து வாட்டை மேகமூட்ட நாட்களையும் தாண்டி ஓட்ட 100 வாட் பலகையும் நல்ல பேட்டரியும் வேண்டும். உங்கள் பணம் முழுக்க அதற்கே போய்விடும், இரண்டு மூன்று வருடத்தில் பேட்டரி மறுபடி கேட்கும். கடை இருக்கும் இடத்தில் சோலார் வேண்டாம்.

மாட்டுகிற வேலையில் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் பெரும்பாலும் இங்கேதான் கெட்டுப்போகிறது. கம்பி வாங்கும்போது செம்புதானா என்று பாருங்கள். அலுமினியத்தின் மேல் செம்பு பூசிய கம்பி மலிவாகக் கிடைக்கும்; ஒரு இழையை நகத்தால் சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரியும். பிஓஇ மின்சாரம் அதில் வழியிலேயே குறைந்துவிடும், அலுமினியம் சீக்கிரம் முறியும். வெளியே வரும் கம்பிக்குக் கறுப்பு உறை வேண்டும். சாம்பல் நிற உறை இரண்டு கோடையில் வெடித்து உதிரும்.

ஐப்பசி மழை முடிந்து ஒருமுறை இறந்துபோன பெட்டியைக் கழற்றினேன். பெட்டி நன்றாகத்தான் இருந்தது. கம்பி மேலிருந்து நேராக அதற்குள் இறங்கியிருந்தது. மழைநீர் உறையைப் பிடித்தபடியே வழிந்து, பிளக்குக்குள் போய், எட்டு ஊசிகளிலும் பச்சைக் களிம்பு பூத்திருந்தது. மூன்று ஊசிகள் தொட்டதும் உதிர்ந்துவிட்டன. அதற்குள் கடுகு போல எறும்பு முட்டை வேறு. கம்பியைப் பெட்டிக்குக் கீழே ஒரு சாண் இறக்கி, வளைத்து, கீழிருந்து மேலாக உள்ளே விட்டிருந்தால் தண்ணீர் வளைவின் அடியில் சொட்டியிருக்கும். காசே ஆகாத வேலை. பெட்டியோடு வரும் ரப்பர் மூடியைத் தூக்கிப் போடாதீர்கள். கம்பி நுழையும் துளையில் சிலிக்கான் வைத்து எறும்புக்கு வழியை அடையுங்கள். இடிக்கு, வெளியிலிருந்து வரும் கம்பி கட்டடத்துக்குள் நுழையும் இடத்தில் ஈதர்நெட் சர்ஜ் புரொடெக்டர் ஒன்று, முறையான எர்த்தில் இணைத்து. எர்த்தோடு இணைக்காத புரொடெக்டர் வெறும் டப்பா.

செட்டிங்கில் சில விஷயங்கள். மூன்று பெட்டிக்கும் ஒரே வைஃபை பெயர் வையுங்கள். நடந்து போகும்போது போனே மாறிக்கொள்ளும். 2.4 ஜிகாஹெர்ட்ஸில் சேனல் 1, 6, 11 என்று ஆளுக்கொன்று. சேனல் அகலம் 20 மெகாஹெர்ட்ஸ் மட்டும். 40 வைத்தால் வேகம் கூடும் என்பார்கள், திறந்த வெளியில் இரைச்சல்தான் கூடும். திசை ரேடியோ இணைப்புக்கு 5 ஜிகாஹெர்ட்ஸில் 149-லிருந்து 165 வரையான சேனல்கள். அவற்றுக்குக் கீழே, பட்டையின் நடுவில் உள்ள சேனல்களில் ரேடார் அலை கேட்டால் பெட்டி சட்டென்று இடம் மாற வேண்டும் என்று விதி இருப்பதால் இணைப்பு திடீரென்று அறுந்து வரும். அக்சஸ் பாயின்ட்டில் குறைந்தபட்ச வேகத்தைக் கூட்டும் வசதி இருந்தால் 1, 2, 5.5, 11 எம்பிபிஎஸ் பழைய வேகங்களை அணைத்துவிடுங்கள். தூரத்தை நீட்டும்போது அதைப் போய் அணைப்பதா என்று தோன்றும். காற்று எல்லாருக்கும் பொது. தூரத்தில் ஒருவர் 1 எம்பிபிஎஸ்ஸில் திணறிக்கொண்டு ஒரு படம் அனுப்பினால், அந்த நேரத்தில் பெரும்பகுதியை அவரே எடுத்துக்கொள்வார். மரத்தடியில் பக்கத்திலேயே இருக்கும் பத்துப் பேர் காத்திருப்பார்கள். ஒருவருக்கு 4 அல்லது 5 எம்பிபிஎஸ் என்று உச்சவரம்பும் வையுங்கள், பாடம் பார்க்க அது தாராளம். ஒருவர் போனை இன்னொருவர் போன் பார்க்க முடியாதபடி கிளையன்ட் ஐசோலேஷனையும் போடுங்கள். நூலகக் கணினி வேறு நெட்வொர்க்கில் இருக்கட்டும். பொது வைஃபையில் இது கட்டாயம் என்றே நினைத்துக்கொள்ளுங்கள்.

சட்டப் பக்கம் இரண்டு விஷயம். 2.4 ஜிகாஹெர்ட்ஸ் நம் நாட்டில் 2005 முதல் உரிமம் இல்லாமல் பயன்படுத்தலாம். ஆன்டெனாவையும் சேர்த்து 4 வாட் உச்சம். 5 ஜிகாஹெர்ட்ஸ் பட்டைகளை வெளிப்புறத்துக்கும் 2018 அக்டோபரில் திறந்துவிட்டார்கள். மேலே சொன்னபடி செய்தால் இந்த வரம்புகளுக்கு வெகு கீழே இருப்பீர்கள். 'பூஸ்டர்' என்று பெயர் தெரியாத ஆம்ப்ளிஃபயர் வாங்கி ஆன்டெனாவுக்கு நடுவில் சொருகினால்தான் வம்பு.

இன்னொன்று, யார் இணைகிறார்கள் என்று தெரியாமல் பொது வைஃபை நடத்தக் கூடாது. பாஸ்வேர்டைச் சுவரில் எழுதி ஒட்டுவது வசதிதான், ஆனால் நாளை யாரோ செய்த தப்புக்கு நூலகர் பதில் சொல்ல வேண்டிவரும். இதற்குத்தான் பிஎம்-வாணி திட்டம் இருக்கிறது. 2020 டிசம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. பழைய எஸ்டிடி பூத் மாதிரி, நூலகமோ டீக்கடையோ உரிமமும் பதிவுக் கட்டணமும் இல்லாமல் பொது வைஃபை இடமாகலாம். யார் என்று சரிபார்ப்பதையும் கணக்கு வைப்பதையும் தொகுத்து நடத்தும் நிறுவனமும் செயலியும் பார்த்துக்கொள்ளும். நீங்கள் வாங்கும் அக்சஸ் பாயின்ட் அவர்கள் ஏற்பாட்டோடு ஒத்துப்போகுமா என்று வாங்கும் முன்னரே கேளுங்கள். வாங்கிய பிறகு கேட்டு இன்னொரு பெட்டிக்குச் செலவழித்தவர்களைப் பார்த்திருக்கிறேன். இணைப்பு கொடுத்த நிறுவனத்திடமும், நூலகம் இப்போது வைத்திருக்கும் இணைப்புத் திட்டத்தில் பொதுமக்களுக்குப் பகிர இடமுண்டா என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

பணம்? விலை கடைக்குக் கடை மாறும், என் கணக்கைச் சொல்கிறேன். நூலக வெளிச்சுவர் அக்சஸ் பாயின்ட், கம்பி, கிளாம்ப் எல்லாம் ஐந்தாறாயிரம். டீக்கடை வரை ஃபைபர் மூன்று நான்காயிரம். டீக்கடையில் கூரைக்குக் கீழே நிழலில் பழைய ரூட்டர், அது தானமாகக் கிடைக்கட்டும். யுபிஎஸ், சர்ஜ் புரொடெக்டர், எர்த் மூவாயிரம். 15,000-இல் கொஞ்சம் மிஞ்சும், அதை முதல் பழுதுக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஃபைபர் முடியாமல் திசை ரேடியோ ஜோடி வாங்கினால் ஒன்பது பத்தாயிரம் அதற்கே போகும். அப்போது மரத்தடிக்கும் பழைய ரூட்டரை வைத்துத் தொடங்கி, அடுத்த வருடம் மாற்றிக்கொள்ளலாம். இரண்டையும் ஒரே மூச்சில் செய்ய வேண்டும் என்றும் இல்லை. மரத்தடியை முதலில் முடியுங்கள். பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகள் இருக்கும் இடம் அதுதான். பேருந்து நிறுத்தம் ஒரு மாதம் பொறுக்கும்.

சுவரில் துளை போடும் முன் மட்டும் இதைச் செய்துவிடுங்கள்: ரூட்டரை ஜன்னலுக்கு வெளியே பிடித்தபடி மரத்தடியில் ஓர் அளவு, இப்போதிருக்கும் இடத்திலேயே வைத்து இன்னோர் அளவு. டீக்கடையிலிருந்து நூலக மாடி கண்ணுக்குத் தெரிகிறதா, நடுவில் என்ன மரம், கம்பி இழுக்கும் பாதையில் எத்தனை கம்பம் என்பதையும் குறியுங்கள். இவ்வளவும் கையில் இருந்தால் ஃபைபரா ரேடியோவா என்று நானே உறுதியாகச் சொல்லிவிடுவேன்.